உப்பு ஏறுவதற்கு முன்

"ஒண்ணுக்குக்கா கையெழுத்து?"
என்று கேட்டார் பாக்கியவதி.
பினாங்கு பெரியாஸ்பத்திரி, ஐசியூ வாசல்,
கால் ஆடும் நீல நாற்காலி,
நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம்.
ஆமாங்கக்கா, ஆராய்ச்சிக்கு.
எப்படியும் பையில் சேருவதுதான்,
ஊசி கிடையாது, வலிக்காது என்றேன்.
பேனாவை மூடாமல் திருப்பித் தந்தார்.

உள்ளே நான்காம் படுக்கையில்
சன்னாசி த/பெ குப்பன், ஐம்பத்து மூன்று.
ஜெலுத்தோங் கால்வாய்களில் அடைப்பு எடுப்பவர்.
இனிப்புநீர், பதினோரு வருடமாய்.
வெள்ளம் வடிந்த வாரம் கணுக்காலில் சின்னக் கீறல்.
எலி கழித்த நீர் அந்த வழியாக ஏறி
இப்போது கண் மஞ்சள், கெண்டைக்கால் கல்,
மூச்சுக்கு ஒரு மிஷின்.

நான் டாக்டர் இல்லை. தாதியும் இல்லை.
மணிக்கு மணி அளக்கும் தாதி ஹஸ்லினா
"முப்பத்தைந்து" என்றாள்,
பசாரில் மீன் விலை சொல்கிற சத்தத்தில்.
என் வேலை அதில் பத்து மில்லி.
குழாயின் முனையைத் துடைத்து, இழுத்து,
ஐஸ் டப்பாவில் வைத்து
மாடிப்படியில் இறங்கி
(அந்த லிஃப்டை நான் நம்புவதில்லை)
சுழலவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும்
நான்கு சின்னக் குப்பிகளில் பிரித்து,
பெயரை எடுத்துவிட்டு எண் எழுதுவது.
பூஜ்யம் நான்கு ஏழு.
பால் விடாத தேநீரின் நிறம்.

ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது என்போம், நம்மவர்கள்.
அன்றிரவு ஏறவில்லை.
கிரியேட்டினின் எண்பத்தொன்பதில்
நல்ல பிள்ளையாய் நின்றது.
கிட்னி தாக்குப்பிடிக்கிறது என்று
டாக்டர் ஓய் எழுதினார்.
கண்டதை எழுதினார், தப்பில்லை.
உப்பு நிதானமான சாட்சி,
இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறக்கும்.

மூன்றாம் நாள் நானூற்றுப் பன்னிரண்டு.
பையில் எனக்கு எடுக்க எதுவும் இல்லை.
மாதிரி கிடைக்கவில்லை என்று
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
கோடு போட்டேன்.

குப்பிகள் மைனஸ் எண்பதில் கிடந்தன.
நூற்றிருபது பேர் சேரும்வரை
யாருடையதையும் திறக்கக்கூடாது.
அது விதி. நல்ல விதிதான்.
பத்து மாதம்.

பிறகு ஒரு புதன்கிழமை
தொண்ணூற்றாறு குழிகள் உள்ள தட்டு.
முதலில் நீலம், அமிலம் விட்டதும் மஞ்சள்.
எவ்வளவு காயமோ அவ்வளவு மஞ்சள்.
நாற்பத்தேழு, முதல் இரவு,
அளவின் மேல்விளிம்பைத் தாண்டிவிட்டது.
இன்னொரு குப்பியை உருக்கி
தண்ணீர் கலந்து பார்த்தேன்.
அப்போதும்.

அப்படியென்றால்
ஹஸ்லினா முப்பத்தைந்து என்ற அதே மணியில்
அடிபட்ட நுண்குழாய்கள்
என்கேல் என்றொரு புரதத்தைச் சிந்திச்
சொல்லிவிட்டிருக்கின்றன.
என் கையில்தான் சொல்லியிருக்கின்றன.
நான் ஐஸில் வைத்துப் படியிறங்கியிருக்கிறேன்.

தெரிந்திருந்தால் என்று கேட்டேன்.
ஒரு மருந்தை நிறுத்தியிருப்பேன், என்றார் டாக்டர் ஓய்.
பிழைத்திருக்குமா கிட்னி?
இருக்கலாம், என்றார்.
கொஞ்சம் கழித்து, இல்லாமலும் இருக்கலாம்.

போன வாரம், டயாலிசிஸ் நிலையத்தின் எதிரில்
ரோட்டைக் கடக்க நின்றார் பாக்கியவதி.
"நீதானே அந்த ஒண்ணுக்குப் பொண்ணு?"
ஆமாங்கக்கா.
"என்னாம்மா சொல்லுச்சு அது?"
தனி ஆளின் முடிவைச் சொல்லக்கூடாது என்று
அவர் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது,
ஐந்தாவது பத்தி.
நான் எச்சில் விழுங்குவதற்குள் அவரே பேசினார்.
"இப்பல்லாம் ஒரு சொட்டு வர்றதில்ல அவருக்கு.
தண்ணியை நான்தான் அளந்து குடுக்குறேன்,
ஒரு நாளைக்கு இரண்டு குவளை.
உங்ககிட்ட இன்னும் மிச்சம் இருக்கா?"

இருக்குங்கக்கா.
ரெண்டு குப்பி.
மூணாவது தட்டு, இடது மூலை.

பச்சை விழுந்தது.
சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு
பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடந்தார்.